சாத்தன் எங்கே போனான்?

இலக்கண வகுப்பில் எழுவாயையும் பயனிலையையும் விளக்க ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவார். கண்ணன் வந்தான், முருகன் படித்தான் என்று ஏதாவது ஒன்று. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணருக்கும் சேனாவரையருக்கும் இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டான். அவர்கள் பிடித்துக்கொண்ட ஆள் சாத்தன். வருகிறவன் சாத்தன், உண்கிறவன் சாத்தன், எதையாவது கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் சாத்தன். அவனுக்குத் துணையாகக் கொற்றன் என்று இன்னொருவன். இந்த உரைகள் எல்லாம் ஏறக்குறைய 700 முதல் 900 ஆண்டுகளுக்கு முந்தியவை.

எடுத்துக்காட்டுக்கு யாரும் அபூர்வமான பெயரைத் தேட மாட்டார்கள். கேட்டதும் மனதில் பதிகிற, ஊரில் நாலு பேருக்கு இருக்கிற பெயரைத்தான் எடுப்பார்கள். ஆகவே இது ஒரு தடயம். ஒரு காலத்தில் ஆண் பிள்ளைக்குச் சாத்தன் என்று பெயர் வைப்பது வெகு சாதாரணம். இன்று உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேடு முழுவதையும் புரட்டினாலும் ஒரு சாத்தன் அகப்படுவது கடினம்.

சாத்தனுக்கு என்ன ஆயிற்று? துப்பறிவோம்.

பெயருக்கு எலும்பு இல்லை. மண்ணுக்குள் புதைந்து கல்லாக மாறாது. ஆனால் யாராவது எழுதி வைத்தால் மிஞ்சும். ஓலையில், கல்லில், பானை ஓட்டில். மிஞ்சியவற்றைத் திரட்டி, எண்ணி, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் ஓலையிலிருந்து வந்தவை. சங்கப் பாடல்களைப் பாடியவர்கள் சுமார் 470 பேர். அவர்களுக்குள் சாத்தனார்களை மட்டும் பொறுக்கினால் ஒரு சிறு கூட்டமே சேர்ந்துவிடும். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், பேரிசாத்தனார். பெண்பாலிலும் உண்டு: ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்புலவர். பாடியவர்கள் மட்டுமா? பாடப்பட்டவர்களிலும் சாத்தன்கள் இருக்கிறார்கள். பாண்டியன் கீரஞ்சாத்தனின் விருந்தோம்பலைப் புறநானூறு பாடுகிறது. ஒல்லையூர் நாட்டுப் பெருஞ்சாத்தன் இறந்தபோது, இனி யார் சூடிக்கொள்வார் என்று முல்லைப் பூவிடமே கேட்டுப் புலம்பினார் ஒரு புலவர்.

இந்தப் பட்டியலில் இன்னொரு தடயமும் இருக்கிறது, கவனித்தீர்களா? வெறும் 'சாத்தனார்' என்று யாரும் நிற்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓர் ஒட்டு. உங்கள் வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் என்ன செய்வீர்கள்? நெட்டைக் கார்த்திக், கடைசி பெஞ்சு கார்த்திக் என்று பிரித்துச் சொல்வீர்கள் அல்லவா, அதே கதைதான். ஒரு பெயர் பெருகிவிட்டால் அது ஆளை அடையாளம் காட்டாது; பக்கத்தில் ஊரையோ தொழிலையோ உடல் அடையாளத்தையோ சேர்க்க வேண்டி வரும். ஆகவே ஒட்டுகள் நிறைய இருக்கும் பெயர், நிறையப் பேருக்கு இருந்த பெயர்.

ஒட்டை ஒட்டிக் கதைகளும் முளைக்கும். சீத்தலைச் சாத்தனார் பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையில் குத்திக்கொள்வாராம், அதனால் தலை சீழ்ப்பிடித்துச் 'சீத்தலை' ஆனதாம். சீத்தலை என்பது ஓர் ஊரின் பெயர் என்பதுதான் பொருத்தமான விளக்கம். எழுத்தாணிக் கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல புலவரின் தலையை நாம் புண்ணாக்க வேண்டாம்.

அப்பாவைச் சொல்லிப் பிள்ளையை அடையாளம் காட்டுவது நமக்குத் தெரியும். அக்காலத்தில் பிள்ளையைச் சொல்லி அப்பாவையும் அடையாளம் காட்டினார்கள். சாத்தனுக்குத் தந்தை என்றால் 'சாத்தந்தை'. கொற்றனுக்குத் தந்தை 'கொற்றந்தை'. ஆதனுக்குத் தந்தை இன்னும் சுருங்கி 'ஆந்தை' ஆகிவிடுவார். பிசிராந்தையார் என்ற புலவரின் பெயருக்கும் இரவில் அலறும் பறவைக்கும் தொடர்பில்லை! இப்படிச் சேரும்போது எந்த எழுத்து விழும், எது நிற்கும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே இருக்கிறது. விதி எழுத வேண்டிய அளவுக்கு அந்த வழக்கம் பரவியிருந்தது.

சரி, சாத்தன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இதில் அறிஞர்கள் இரண்டு கட்சி.

முதல் கட்சி வணிகர்களைக் காட்டுகிறது. பழந்தமிழில் 'சாத்து' என்றால் கூட்டமாகப் பயணம் போகும் வணிகர்கள். கொள்ளையர் பயம் இருந்த காட்டுவழியில் தனியாகப் போனால் சரக்கும் மிஞ்சாது, உயிரும் மிஞ்சாது. ஆகவே பலர் சேர்ந்து, கழுதைகளிலும் மாடுகளிலும் பொதி ஏற்றி, காவலோடு போவார்கள். மிளகு மூட்டைகளைச் சுமந்த கழுதைச் சாத்து ஒன்று, சுங்கம் வசூலிக்கிற பெருவழியில் நடந்துபோவதைப் பெரும்பாணாற்றுப்படையில் பார்க்கலாம். வடமொழியில் இத்தகைய கூட்டத்துக்குச் 'சார்த்த' என்று பெயர். அதை நாலு பேர் நாவால் நாற்பது முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் 'ர்' தேய்ந்து, பக்கத்தில் இருக்கும் 'த்' தடித்துவிடும். சார்த்த, சாத்து. பாலி மொழியில் 'தர்ம' என்பது 'தம்ம' ஆனதும் இதே வழியில்தான். மொழியியலில் இதற்கு ஓரினமாதல் என்று பெயர். நாக்கு சோம்பேறி, இரண்டு வேலையை ஒரு வேலையாக்கப் பார்க்கும்.

சாத்தை நடத்திச் செல்லும் தலைவன் சாத்துவன். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை யார்? மாசாத்துவான். பெரிய சாத்துக்குத் தலைவன் என்பதே அந்தப் பெயர். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல் வணிகர். தரைவழி வணிகர் வீட்டுப் பையனுக்கும் கடல்வழி வணிகர் வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் என்பதை இளங்கோவடிகள் இரண்டு பெயர்களிலேயே சொல்லிவிட்டார். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன். அவனும் கப்பலேறி வணிகத்துக்குப் போய், கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கியவன். அந்த மணிமேகலையை எழுதிய சீத்தலைச் சாத்தனாரும் மதுரையில் கூலவாணிகம், அதாவது தானிய வியாபாரம் செய்தவர்.

இரண்டாம் கட்சி கோயிலைக் காட்டுகிறது. ஊர் எல்லையில் குதிரைகளோடு காவல் நிற்கும் ஐயனாருக்குச் சாத்தன் என்றும் பெயர் உண்டு. 'சாஸ்தா' என்ற சொல்லில் உள்ள 'ஸ்' தேய்ந்தால் 'சாத்தா' ஆகும். அதே சோம்பேறி நாக்கு, அதே வழி. புகார் நகரில் பாசண்டச் சாத்தன் என்ற தெய்வத்துக்குக் கோயில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆகவே தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், அவ்வளவுதான் என்பது இவர்கள் வாதம்.

எனக்கு முதல் கட்சியின் மேல்தான் சாய்வு. ஆனால் பெயர் வைத்த எல்லாரும் பொருள் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். பெருஞ்சாத்தன் வணிகன் அல்ல, நாடாண்ட தலைவன். இன்று ராஜா என்று பெயர் உள்ளவர்கள் எல்லாம் சிம்மாசனத்திலா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு பெயர் பிரபலமாகிவிட்டால் பொருளைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக ஓட ஆரம்பித்துவிடும்.

அப்படி ஓடிய சாத்தன் ஒருவன் எகிப்து வரைக்கும் போயிருக்கிறான்.

செங்கடல் கரையில் குசைர் அல் காதிம் என்று ஓர் இடம். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் விட்கோமும் ஜேனட் ஜான்சனும் 1978 முதல் 1982 வரை அங்கே அகழாய்வு நடத்தினார்கள். ரோமானியர் காலத்தில் அது மியோஸ் ஹோர்மோஸ் என்ற பெரிய துறைமுகம். அங்கிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் எழுதியிருக்கிறார். அந்த மண்ணில் கிடைத்த இரண்டு பானை ஓடுகளில் தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. ஒன்றில் கண்ணன். மற்றதில் சாத்தன். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முந்தியவை. (அதே ஊரில் பிற்பாடு நடந்த அகழாய்வில் 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்று எழுதிய ஓடும் கிடைத்தது. உறி தெரியுமா? பூனைக்கு எட்டாமல் பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை.)

அது தமிழ்ப் பெயர்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? கடைசி எழுத்தைப் பார்த்து. அசோகர் கல்வெட்டுகளில் உள்ள பிராமி எழுத்தில் 'ந' உண்டு, 'ண' உண்டு; ஆனால் 'ன' கிடையாது. பிராகிருத மொழிக்கு அது தேவைப்படவில்லை. தமிழுக்குத் தேவைப்பட்டதால் ழ, ள, ற, ன ஆகிய நான்கு ஒலிகளுக்கும் தனி வடிவங்கள் உண்டாயின. அந்த 'ன' ஒரு பெயரின் இறுதியில் நின்றால், எழுதியவர் பேசிய மொழி எது என்று தெரிந்துவிடும்.

படிப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை. 'த்த' என்ற இரட்டிப்பையும் பெரும்பாலும் ஒரே 'த' போட்டு முடித்துவிடுவார்கள். ஓட்டில் இருப்பது 'சாதன்' என்பது போலத்தான் தோன்றும். சாதனா, சாத்தனா? ஐராவதம் மகாதேவன் போன்ற எழுத்தறிஞர்கள், அக்காலத்தில் எந்தப் பெயர் வழக்கில் இருந்தது என்று இலக்கியத்தோடு ஒப்பிட்டுச் சாத்தன் என்று முடிவு செய்தார்கள். ஓலை பானை ஓட்டைப் படிக்க உதவியது. ஓடு ஓலையின் காலத்தை உறுதிப்படுத்த உதவுகிறது.

அடுத்து கல்லுக்கு வருவோம். மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றம் குடைவரைக் கோயிலில் கி.பி. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரி ஒருவர் அங்கே திருப்பணி செய்தார். அவர் பெயர் சாத்தன் கணபதி. அவர் மனைவி நக்கன் கொற்றி.

இந்த இரண்டு பெயர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்பது அன்றைய முறை. அப்படியானால் சாத்தன் என்பவர் அப்பா, கணபதிதான் பிள்ளை. அப்பாவுக்குச் சங்க காலத்துப் பெயர், மகனுக்குப் புதிதாகப் பரவத் தொடங்கிய பெயர். ஒரு தலைமுறையில் காற்று திசை மாறியது இந்த ஒரே பெயருக்குள் பதிவாகியிருக்கிறது. இதனால் சாத்தன் உடனே மறைந்துவிடவில்லை. அடுத்த நூற்றாண்டில் சாத்தூர்ப் பக்கம் எருக்கங்குடிக் கல்வெட்டில், ஏரிகளையும் கோயில்களையும் அமைத்த எட்டிச்சாத்தன் என்ற தலைவன் வருகிறான். ஆனாலும் சிவன், திருமால் பெயர்களும் ஆரூரன், அரங்கன், அம்பலவன் போன்ற தலப்பெயர்களும் பக்திப் பாடல்களோடு சேர்ந்து வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தன.

ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எப்படி எண்ணுவது? ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் நம் ஊர் எ. சுப்பராயலுவும், மாட்சுயி என்பவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணினியின் துணையோடு தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கைபேசிக்குள் கணினி அடங்கும் காலமல்ல அது. எந்தப் பெயரோடு எந்தப் பட்டம் வருகிறது, எந்தக் காலத்தில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தே சோழர் காலத்து நில உடைமை எப்படி மாறியது என்பது வரை ஆராய முடிந்தது.

இனி முக்கியமான கேள்வி. ஒரு பெயர் ஏன் அழிகிறது? கெட்ட பெயராக இருந்தால்தான் அழியும் என்று நினைக்கிறீர்களா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பத்துச் சீட்டுகளில் பத்துப் பெயர்கள் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். அவற்றில் ஒன்று சாத்தன். கண்ணை மூடி ஒரு சீட்டை எடுங்கள். அதே பெயரைப் புதுச் சீட்டில் எழுதி இரண்டாவது டப்பாவில் போடுங்கள். எடுத்த சீட்டைப் பழைய டப்பாவிலேயே திருப்பிப் போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை. இப்போது இரண்டாவது டப்பாவில் இருப்பவர்கள் அடுத்த தலைமுறை. எண்ணிப் பாருங்கள், சில பெயர்கள் இரண்டு மூன்று முறை வந்திருக்கும். பொதுவாக மூன்று அல்லது நான்கு பெயர்கள் வராமலே போயிருக்கும். இந்த டப்பாவை வைத்து மறுபடியும் அதே வேலை. ஏறத்தாழ இருபது சுற்றுகள் போனால் டப்பா முழுக்க ஒரே பெயர்தான் இருக்கும். சில நேரம் பத்துச் சுற்றிலேயே முடிந்துவிடும், சில நேரம் நாற்பது ஆகும்.

ஜெயித்த பெயர் நல்ல பெயர், தோற்ற பெயர் மட்டமான பெயர் என்று சொல்ல முடியுமா? கண்ணை மூடித்தானே எடுத்தீர்கள். உயிரியலில் இதை மரபணு நகர்வு என்பார்கள். சிறு கூட்டமாக வாழும் விலங்குகளில் சில மரபணுக்கள் எந்தக் குறையும் இல்லாமலே இப்படி மறைந்துபோகும். மேத்யூ ஹான், அலெக்சாண்டர் பென்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் அமெரிக்கக் குழந்தைப் பெயர்களின் பட்டியல்களை எடுத்து இதே கணக்கைப் போட்டார்கள். ஒருவர் வைத்ததைப் பார்த்து இன்னொருவர் வைப்பது, அவ்வப்போது யாராவது புதுப்பெயர் கொண்டுவருவது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாலே, பெயர்களின் பரவலை நன்றாக விளக்க முடிகிறது என்று கண்டார்கள். 2009இல் வந்த வேறோர் ஆய்வு பிரான்ஸ், அமெரிக்கப் பெயர்களைப் பார்த்து இன்னொன்று சொன்னது: மளமளவென்று ஏறும் பெயர் மளமளவென்று இறங்கியும் விடுகிறது. இந்தக் கணக்கில் நம் சாத்தன் கெட்டிக்காரன். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தான்.

தாக்குப்பிடிக்கக் காரணம், நம் வீடுகளில் சீட்டைக் கண்ணை மூடி எடுக்கவில்லை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது பழைய வழக்கம். பெயரை உடையவன் பெயரன். அதுதான் பேரன் ஆயிற்று. பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து மறுபடி வந்துவிடும். இந்த வழக்கம் இருக்கும் வரை பெயர்கள் லேசில் அழியாது. விட்டுவிட்டால் டப்பா குலுங்கத் தொடங்கிவிடும்.

"சாத்தான் மாதிரி ஒலிக்கிறதே, அதனால்தான் யாரும் வைப்பதில்லையோ?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். பைபிளில் வரும் சாத்தான் எபிரேய மொழிச் சொல். எதிர்த்து நிற்பவன் என்று பொருள். அந்தச் சொல்லுக்கும் நம் சாத்தனுக்கும் உறவே இல்லை. இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்து தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்கின்றன. குட்டிச்சாத்தான் மட்டும் நம் பக்கத்துச் சாத்தன்தான். கேரளத்தில் சாத்தன் தெய்வமாகவும் இருக்கிறான், ஆள் பெயராகவும் இருக்கிறான். அங்கே சொல்லப்படும் பன்னிரண்டு உடன்பிறப்புகளின் கதையில் அகவூர்ச் சாத்தன் ஒருவர். 1984இல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தின் நாயகனும் ஒரு குட்டிச்சாத்தன்தான். சாத்தன் என்ற பெயர் ஏற்கெனவே அருகிப்போன பிறகு இந்தச் சாத்தான் குழப்பம் சேர்ந்துகொண்டது. திரும்பி வருவதற்குத்தான் இது இடைஞ்சல் என்பது என் எண்ணம்.

ஊர்ப்பெயர்கள் ஆள்பெயர்களைவிடப் பிடிவாதமானவை. சாத்தனூர் என்ற பெயரில் மட்டும் பல ஊர்கள். திருமூலர் கதையில் மாடு மேய்த்த மூலனின் ஊர் ஒரு சாத்தனூர். திருவண்ணாமலை மாவட்டத்தில் அணை இருப்பது ஒரு சாத்தனூர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். சாத்தான்குளம், சாத்தமங்கலம் என்று வரைபடத்தில் விரலை ஓட்டினால் இன்னும் அகப்படும்.

ஆளாகவே பார்க்க வேண்டுமானால் செட்டிநாட்டுப் பக்கம் போங்கள். நகரத்தார் வீடுகளில் சாத்தப்பன், சாத்தையா என்ற பெயர்கள் இன்னும் புழங்குகின்றன. மூத்த பேரனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பதை அவர்கள் விடாமல் காத்து வந்ததே காரணம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பழைய மரியாதை. பிள்ளைக்கோ அதே பெயர். அம்மா எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிடுவதற்கென்று இன்னொரு பெயர் வைப்பார்கள். அந்தக் கூப்பிடுபெயர் பள்ளிச் சான்றிதழில் ஏறிவிட்டால், பழைய பெயர் வீட்டுக்குள் மட்டும் இருக்கும். ஆகவே பதிவேட்டில் சாத்தன் இல்லை என்று நான் முதலில் சொன்னதைச் சரிபார்க்க விரும்பினால், நண்பர்களிடம் அவர்களின் வீட்டுப்பெயர்களையும் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களையும் கேட்டு ஒரு பட்டியல் எடுங்கள்.